எந்த மீனைக் காப்பாற்றினார்கள்?

மும்பையிலிருந்து புனே வழியாகத் தெற்கே போகும் ரயிலில் ஏறும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களுக்கு லோனாவ்லா என்றால் சிக்கிதான். கர்ஜத்தில் கூடுதல் எஞ்சின் மாட்டிக்கொண்டு, குகை குகையாகப் புகுந்து மலையேறி, வண்டி மூச்சு வாங்கிக்கொள்ளும் ஊர். வேர்க்கடலைச் சிக்கி இரண்டு பாக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அந்த ஊரில் வால்வண் என்றொரு ஏரி இருப்பதும், அதன் கரையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மீன் பண்ணை தொடங்கியதும், அங்கே பிறந்த குஞ்சுகள் காவிரிக்குப் போய்ச் செய்த காரியமும் பயணிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ஏரி பிறந்ததே மும்பையின் மின்சாரத்துக்காக. டாடா மின்சாரம் என்றதும் செம்பூர்க்காரர்கள் நினைப்பது டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை. அது 1956-ல் வந்தது. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1915-ல், லோனாவ்லா மலைமேல் தேக்கிய மழைநீரைப் பெரிய குழாய்களில் அடிவாரத்திலுள்ள கோபோலிக்கு இறக்கி, அந்த வேகத்தில் டர்பைன்களைச் சுழற்றி, பம்பாயின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிவிட்டது டாடா. பிறகு பிவ்புரி, பீரா என்று நிலையங்கள் பெருகின. கிழக்கே வங்கக் கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரை மேற்கே கொங்கணத்துக்குத் திருப்பிவிட்ட ஏற்பாடு இது. முல்ஷி அணைக்காக நிலம் பறிபோன விவசாயிகள் 1921-ல் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். சேனாபதி பாபட் தலைமை தாங்கினார். போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. மனிதர்களாவது மறியல் செய்தார்கள். மழைக்காலத்தில் ஓடைகளில் ஏறிப்போய் முட்டையிட்டுத் திரும்பும் மீன்களுக்கு அந்த வழியும் கிடையாது.

அப்படி ஏறிப்போகும் மீன்களில் ராஜா, மஹசீர். கெண்டை ஜாதி. உள்ளங்கை அகலச் செதில், தடித்த உதடு, பாய்ச்சலான நீரை எதிர்த்து நிற்கும் உடல். தமிழில் பொம்மீன் என்றும் பூமீன்கெண்டை என்றும் பெயர். வெள்ளைக்கார துரைமார்கள் தாய்நாட்டு ட்ரவுட், சால்மன் மீன்களை நினைத்து ஏங்கியபோது தூண்டிலுக்கு ஆறுதலாகக் கிடைத்தது இதுதான். (நீலகிரி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட்கூட அவர்கள் அந்த ஏக்கத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டதுதான்.) புனே பக்கத்து முளா, முட்டா ஆற்று மஹசீர் ஒன்றை கர்னல் சைக்ஸ் 1839-ல் விவரித்து, 'குத்ரி' என்ற உள்ளூர்ப் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார். துடுப்புகளில் நீலச்சாயல் கொண்ட தக்காண மஹசீர் இதுதான்.

அணைகள், வெடி வைத்துப் பிடிப்பது, நச்சுக் கழிவு எல்லாம் சேர்ந்து 1960களில் இந்த நீலத்துடுப்பு மீன் அருகிவந்தது. மகாராஷ்டிர மீன்வளத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. குல்கர்னி, லோனாவ்லா ஏரிகளில் சினை மீன்களைப் பிடித்து, முட்டையையும் விந்தையும் கையால் பிழிந்து கலந்து குஞ்சு எடுக்க முடியும் என்று காட்டினார். அவருடைய ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் 1971-ல் வெளியானது. டாடா நிறுவனம் வால்வணில் பண்ணை அமைத்தது. அங்கே பொறுப்பேற்ற எஸ்.என். ஓகலே அதைப் பெரிய அளவுக்கு வளர்த்தார். வேலை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல; ஆனால் பொறுமை வேண்டும். கருவுற்ற முட்டைகளைத் தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, சுத்தமான நீர் ஓடிக்கொண்டேயிருக்கும்படி பார்க்கவேண்டும். கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எறியவேண்டும். மூன்று நான்கு நாளில் குஞ்சு வெளிவரும். விரல் நீளம் வளர்ந்ததும் ஆற்றில் விடலாம்.

இதுவரை கதையில் வில்லன் யாருமில்லை. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்த நிறுவனம், அந்த ஆற்று மீனை வளர்த்துத் திருப்பித் தருகிறது என்றால் யார்தான் குறை சொல்வார்கள்? பல மாநிலங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன. லட்சக்கணக்கான விரலிகள் லோனாவ்லாவிலிருந்து புறப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. மஹசீர் குறைந்துவிட்டது, மஹசீரை விடுகிறோம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

காவிரியில் ஏற்கெனவே ஒரு மஹசீர் இருந்தது என்பதுதான் வில்லங்கம். அது வேறு மீன்.

மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மஹசீரைத் தூண்டிலில் பிடித்தார். கிட்டத்தட்ட 54 கிலோ. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் எடை. அந்தக் காவிரி ராட்சதனுக்கு முதுகில் காளைத் திமில்போல ஒரு கூன். துடுப்புகளும் வாலும் ஆரஞ்சு நிறம். உலகின் பல மூலைகளிலிருந்து தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தது இதற்காகத்தான். நன்னீர் மீன்களின் புலி என்று மஹசீரை வர்ணிப்பார்கள். புலியைப் போலவே இதுவும் புகழால் கெட்டதா, புகழால் பிழைத்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

இவ்வளவு பெயரெடுத்த மீனுக்கு, வேடிக்கை என்னவென்றால், சரியான பெயர் இல்லை. துரைமார் காலத்திலிருந்து 'முசல்லா' என்று ஒரு அறிவியல் பெயரை ஒட்டிவைத்திருந்தார்கள். அதுவும் சைக்ஸ் சூட்டிய பெயர்தான். ஆனால் கிருஷ்ணைப் படுகையின் வேறொரு கெண்டைக்குச் சூட்டியது. பெயர் குழம்பினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தாராவிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முப்பது வருஷம் குடியிருந்தாலும் காகிதத்தில் பெயர் இல்லையென்றால் சர்வேக்காரர் கணக்கில் அந்தக் குடும்பம் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே நியதி. இன்ன இனம் என்று அடையாளம் நிச்சயமாகாத மீன் அழிகிறதா, வாழ்கிறதா என்று அங்கே மதிப்பிட வழியில்லை. லோனாவ்லா மீன் 'அழியும் ஆபத்தில்' என்று பட்டியலில் இருந்தது. அது விடப்பட்ட ஆற்றின் சொந்த மீன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

உண்மை வெளிவந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல. முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில். கர்நாடகத்தில் காவிரிக் கரையின் காலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் மீனைப் பிடித்து, எடை பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் சிக்கின, எடை என்ன என்று எழுதிவைப்பது வழக்கம். ஆராய்ச்சிக்காக எழுதியதல்ல, சொந்தப் பெருமைக்காக எழுதியது. 1998 முதல் 2012 வரை சேர்ந்த இந்தக் குறிப்புகளை இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும், கேரளத்து மீனியலாளர் ராஜீவ் ராகவனும் சகாக்களும் எடுத்து அலசினார்கள். மொத்தம் 23,620 மணி நேரம், 6,161 மஹசீர்கள், அரைக் கிலோவுக்குக் குறைந்த பொடியிலிருந்து 46.8 கிலோ வரை.

மேலோட்டமாகப் பார்த்தால் சந்தோஷமான கணக்கு. ஒரு மணி நேரத்துக்குச் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. மஹசீர் பெருகிவிட்டது என்று விழா எடுத்திருக்கலாம். ஆனால் மீனின் சராசரி எடை குறைந்துகொண்டே வந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோது விஷயம் உடைந்தது. பெருகியது நீலத்துடுப்பு. கூன்முதுகுக்காரனோ வரவர அபூர்வமானது. சிக்கியவையும் பெரும்பாலும் வயதான பெரிய மீன்கள். இளசுகள் வரவில்லை என்றால் அந்த வம்சம் புதிதாகப் பெருகவில்லை என்று பொருள். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 'அழிவை நோக்கி நீந்தும் மீனா?' என்ற கேள்வியோடு 2015-ல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அந்நிய மீன்தான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மணல் அள்ளுவது, வெடி, அணைகள், வறட்சி எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் மற்ற கேடுகளையெல்லாம் கேடு என்று தெரிந்து செய்தார்கள். இது ஒன்றைத்தான் நல்லது என்று நம்பிச் செய்தார்கள். அதனாலேயே இத்தனை ஆண்டுகள் யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வேலை பெயர் கண்டுபிடிப்பது. அதற்குக் கையில் மீன் வேண்டும். காவிரியின் நடுப்பகுதியில் கூன்முதுகு மீன் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட நிலையில், ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது தமிழ்நாடு. நீலகிரிக்கு வடக்கே ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி பவானியில் சேரும் மாயாறு, முதுமலை, சத்தியமங்கலம் புலிக்காடுகளுக்கு நடுவே இருப்பதால் ஓரளவு தப்பித்திருந்தது. அங்கே கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணு வரிசைகளையும் மற்ற மஹசீர்களுடன் ஒப்பிட்டார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையின் மார்க்கஸ் நைட், புனேயின் நீலேஷ் தகானுக்கர் ஆகியோரும் இந்தக் குழுவில் இருந்தார்கள். 2018-ல் விடை கிடைத்தது. கேரளத்தில் பிறந்து அமராவதி வழியாகக் காவிரிக்கு வந்துசேரும் பாம்பாற்றில், 2007-ல் சிறு மீன்களை வைத்து ஒரு புது மஹசீர் இனம் விவரிக்கப்பட்டிருந்தது. சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரமாதேவியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அதுவும் இந்த ராட்சதனும் ஒன்றே.

பெயர் கிடைத்த அதே ஆண்டு நவம்பரில் சிவப்புப் பட்டியலில் இடமும் கிடைத்தது: 'மிக மோசமான அழிவு ஆபத்தில்'. அதற்குமேல் இயற்கையில் அற்றுப்போவதுதான் மிச்சம். இரண்டே ஆண்டுகளில் லோனாவ்லாவிலிருந்து நல்ல செய்தி வந்தது. நீலத்துடுப்பு மஹசீர் ஆபத்திலிருந்து மீண்டு, கவலைப்படத் தேவையில்லாத பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஐம்பதாண்டு உழைப்பின் வெற்றி என்று 2020-ல் பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டு நியாயமானதே. மகாராஷ்டிர ஆறுகளுக்கு அது வெற்றிதான். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள்தான் குறைவு.

சரி, வால்வணில் செய்ததையே கூன்முதுகு மீனுக்கும் செய்துவிட்டால் என்ன? செய்யலாம், ஆனால் இந்த முறை மரபணுச் சோதனை முதலில் வரவேண்டும். துடுப்பின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு வெட்டி எடுத்தால் போதும், மீனுக்குச் சேதமில்லை, மறுபடி வளர்ந்துவிடும். அதிலிருந்து இனத்தைச் சொல்லிவிடலாம். சிக்கல், கலப்பில் இருக்கிறது. மஹசீர் இனங்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. இனம் காண வழக்கமாகப் பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய் வழியில் மட்டுமே வருவது; அப்பன் யார் என்று அது சொல்லாது. தாய் காவிரிக்காரி, தகப்பன் லோனாவ்லாக்காரன் என்றால் பிள்ளை அசல் காவிரி மீனாகவே அதில் தெரியும். உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இன்னொன்று, நாலைந்து சினை மீன்களை மட்டும் வைத்து லட்சம் குஞ்சு எடுத்தால் அத்தனையும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள். ஒரே வீட்டுக்குள் சம்பந்தம் செய்தால் வரும் பலவீனமெல்லாம் ஆற்றுக்கும் வரும். அழிவின் விளிம்பில் நிற்கும் மீனில் அசலான, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத தாய் தகப்பன்களைத் தேடுவது லேசான காரியமல்ல.

அதைத் தனியாக விஞ்ஞானிகளால் செய்ய முடியாது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் பிடித்துக் காட்டவேண்டும், எழுதிவைக்கவேண்டும். மேலைநாட்டில் இதற்கு வழி பழகிவிட்டது. அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவிலுள்ள கடலோரத்து ட்ரவுட் மீன் எந்த ஆற்றில் பிறந்து எங்கே மேய்கிறது என்று கண்டறிய நடந்த ஆய்வில், தூண்டில்காரர்கள்தான் செதில்களைச் சுரண்டி உறையிலிட்டு அனுப்பினார்கள். நம் ஊரிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. காவிரி முகாம்களில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே பிற்பாடு வழிகாட்டிகளாக வேலைக்கு அமர்ந்து, வெடி வைக்க வருபவர்களைத் துரத்தினார்கள். அந்த ஆற்றின் ஒவ்வொரு மடுவும் பாறையும் அவர்களுக்கு அத்துப்படி.

அந்த ஏற்பாடு 2012-ல் முடிந்தது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் தூண்டில் போடுவதும் சட்டப்படி வேட்டைதான் என்று சொல்லி முகாம்களில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. விளையாட்டுக்காக ஒரு ஜீவனின் வாயில் முள் மாட்டுவது தர்மமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தூண்டிலோடு அந்த நோட்டுப் புத்தகமும் மூடப்பட்டது. முள் மாட்டியவர்கள் போனார்கள். வெடிக்காரர்களைத் துரத்தியவர்களும் அவர்களோடு போனார்கள். காலிபோரே இருக்கும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில்தான் மேகதாட்டு அணைக்கும் திட்டமிட்டிருக்கிறார்கள். எத்தனை டி.எம்.சி. யாருக்கு என்று இரு மாநிலங்களும் மல்லுக்கட்டும் அந்த வழக்கில் இந்த மீன் கட்சிக்காரர் அல்ல.

தூண்டிலே போடாமல் மீனைக் காத்த வழியும் இந்த நாட்டில் உண்டு. மஹாடுக்கு அருகே சாவித்திரி ஆற்றில் வாளன் கொண்ட் என்னும் மடு. கரையில் வரதாயினி அம்மன் கோயில். மடுவிலுள்ள மஹசீர்களை ஊரார் தொடமாட்டார்கள். மும்பைக்கு வடக்கே வாடா அருகில் வைதரணை ஆற்றில் திளசே சிவன் கோயில் துறையிலும் இதே வழக்கம். தாராவித் தமிழர்களில் கணிசமானோரின் பூர்வீகமான திருநெல்வேலிச் சீமையில், பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மொய்க்கும் மீன்களையும் யாரும் குழம்புக்குப் பிடித்துக்கொண்டு போவதில்லை. பட்டியலும் மரபணுவும் தெரியாமலே ஊர் கூடிக் காத்த மீன்கள் இவை. அயல் மீன் விடப்பட்ட ஆறுகளில் அசல் தாய் மீன்களைத் தேடவேண்டி வந்தால், இப்படிப்பட்ட மடுக்களை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. புண்ணியம் கிடைக்கும் என்று அந்த மடுக்களிலேயே பண்ணை மீனை வாங்கி விடாமல் இருக்கவேண்டும்.

ஒகேனக்கலில் பரிசல் துறைக்குப் பக்கத்தில் மசாலா தடவிய கெண்டைகளை வரிசையாக அடுக்கி, கேட்ட மீனை எண்ணெயில் போட்டுக் கொடுக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் பெரியதா சின்னதா, முள் அதிகமா என்று கேட்டு வாங்குகிறார்கள். மேலே சட்டிக்குப் போகுமுன் வாலின் நிறத்தை ஒரு நோட்டில் குறித்துவைக்க அந்தக் கடைக்காரரால் முடியும். படகுக்காரரால் முடியும். கேட்டவர்கள்தான் இதுவரை காவிரியின் இந்தப் பக்கத்தில் அதிகமில்லை.